பெரியம்மா தொட வேண்டிய முகம்

பெரியம்மா தன் கையால் என் முகத்தைத் தொட வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்கத் தொட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் இடையில், நான் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான். பிள்ளைகளுக்கு ஆயுசு, காட்டில் நல்ல விளைச்சல் என்று மற்றவர்கள் கேட்பதையெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கெட்டவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா என்றால் என் அய்யனுடைய அண்ணன் சம்சாரம். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அண்ணன் தம்பி இருவரின் வீடும் எதிரெதிர் வாசல். எனக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் இரண்டு வீட்டுக்கும் மூத்தவள் பெரியம்மா ஒருத்திதான். நல்லது கெட்டது எதுவானாலும் அவள் சொன்னபடிதான் நடக்கும். அய்யன் தன் அண்ணி பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார்கள். கழுத்தை அறுப்பதானாலும் 'சித்த கழுத்தக் காட்டு கண்ணு' என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். பெரியம்மா அதில் கைதேர்ந்தவள். அவள் கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. அவள் சொல்லால் அழாதவர்களும் ஊரில் இல்லை.

என்னைப் பக்கத்து ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் முகத்தில் அது ஆரம்பித்தது. அடுப்பங்கரையில் நின்றால் கன்னம் திகுதிகுவென்று எரியும். மிளகாய் அரைத்த கையை மறந்துபோய் முகத்தில் தேய்த்துக்கொண்ட மாதிரி இருக்கும். முதலில் கொஞ்ச நேரத்தில் அடங்கிக்கொண்டிருந்தது. போகப்போக அடங்கவே இல்லை. இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்தபடியே நின்றுவிட்டன. அய்யன் வழியில் எல்லோருமே சிவப்பு. அதனால் எனக்கு நன்றாக எடுத்துக் காட்டியது. அப்புறம் அதன்மேல் பொரிப்பொரியாக வந்தது. பார்த்தால் பரு மாதிரி இருக்கும், ஆனால் பருவில் இருக்கிற முளை இருக்காது.

முகத்தில் ஒன்று வந்துவிட்டால் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? மஞ்சளை அரைத்துப் பூசச் சொன்னார்கள், பூசினேன். எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள், கண்ணில் தண்ணீர் வரத் தேய்த்தேன். பயத்தமாவைப் போட்டு அழுத்தித் தேய், உள்ளே இருக்கிற அழுக்கு வரட்டும் என்றார்கள். அழுக்கு வரவில்லை. முகம்தான் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. கிணற்றடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த குடங்கள் மெல்ல நகர்ந்துகொண்டன. என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் என் வட்டிலை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். பெருநோய், குஷ்டம் என்ற வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ புதுச்சேலை உடுத்தி, நகை போட்டுக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் தோளில் இருக்கும். பொண்டாட்டி வந்தபிறகு கூடப்பிறந்தவளை மறந்துவிடாதே என்று உறவெல்லாம் கூடி நின்று அவனுக்குச் சொல்வதுதான் அந்தச் சீர். நாளைக்கு அவனுக்கு ஒரு பெண் பிறந்தால் என் மகனுக்குக் கேட்கிற உரிமையும் அந்தச் சேலை முனையோடு சேர்ந்தே வரும். தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். அந்த இடத்தில் வேறு யார் நிற்பது?

பெரியம்மாவுக்கு ஒரு மகனோடு ஒரு மகளும் இருந்தாள். எனக்குத் தங்கை முறை. அவளும் கல்யாணமாகி ஒரு பையனைப் பெற்றிருந்தாள். என் தம்பிக்குத் தோட்டமும் கிணறும் சொந்தம். அவனுக்குப் பிறக்கப்போகும் பெண்ணைத் தன் பேரனுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பெரியம்மா கணக்குப் போட்டிருந்தாள். இது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, சாட்டியிருந்த நேரம் அது. கோயில் வாசலில் ஒறம்பரை சனம், சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"இது ஆத்தா கோவம் கண்ணு. மொகத்துல முத்துப் போட்டுக் காட்டறா. இந்த நோம்பிக்கு நீ பூவோடு எடுத்துப்போடு. ஆத்தா எறங்கி மொகம் தெளிஞ்சுதுன்னா நீயே தம்பி சீருக்கு நில்லு. உன்ற தம்பி, உன்ற எடம், அதுல யாரு பேசப்போறாங்க? தெளியலீன்னா மட்டும் என்ற மக நிக்கட்டும். என்னங்க, நாஞ் சொல்றது?"

கடைசி வார்த்தை கூட்டத்துக்கு. கூட்டம் தலையாட்டியது. அய்யனும் ஆட்டினார்.

முகத்தில் எது பொரிந்தாலும் மாரியாத்தா போட்ட முத்து என்று நினைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். அம்மையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அப்படித்தான் நினைக்கும்; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அம்மை கண்டவளை வேப்பிலையில் படுக்கவைத்து இளநீர் கொடுத்துக் குளிரப் பண்ணுகிற அதே சனம், எனக்கு மட்டும் நெருப்பைத் தூக்கிக் கையில் கொடுத்தது.

பூவோடு என்பதில் பெயரில்தான் பூ இருக்கிறது. ஒரு மண்சட்டி நிறைய விறகு எரியும். அடியில் வேப்பிலையை வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். நான் விரதம் இருந்து, மஞ்சள் சேலை உடுத்தி, மனசாரத்தான் ஏந்தினேன். சித்திரை வெயில் மேலே, சட்டி நெருப்பு கீழே. கை சுடவில்லை. முகத்துக்குள் யாரோ உலை வைத்தது மாதிரி இருந்தது. என் பக்கத்தில் எடுத்து வந்த பெண்களுக்கும் முகம் சிவந்திருந்தது. சட்டியை இறக்கித் தண்ணீர் ஊற்றியதும் அவர்களுக்குத் தெளிந்துவிட்டது. என் முகம் வீங்கி, கண்ணிரப்பை வரைக்கும் சிவப்பேறி, பொரிகள் நெற்றிக்கும் தாவின. அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே நின்றது.

பெரியம்மா கோயில் வாசலில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். "ஆத்தா ஏத்துக்கலையே கண்ணு. நாம என்ன பண்றது?"

வைகாசியில் தம்பி கல்யாணம். பந்தலுக்கு வந்த சுமங்கலிகளுக்கெல்லாம் பெரியம்மா சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தி கன்னத்திலும் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். என்னிடம் வந்ததும் அவள் விரல் நின்றது. என்னைக் கையை நீட்டச் சொன்னாள். ஒரு முழ உயரத்திலிருந்து குங்குமத்தை என் உள்ளங்கையில் உதிர்த்துவிட்டு, அதே சிரிப்போடு அடுத்தவளிடம் போனாள். உதிர்ந்ததில் பாதி தரையில் விழுந்தது. நான் இன்னும் அந்தச் சிவப்புப் பொடியை மண்ணில் பார்க்கிறேன்.

இணைச்சீருக்கு அவள் மகள் நின்றாள். எனக்கு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, என் தம்பி கையில் இருந்த கூறைச்சேலையின் மறுமுனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று நகர்ந்தேன். அவள் திரும்பி, "அக்கட்டாலயே நில்லுங்கக்கா. பச்சப்புள்ளைங்க இருக்கற எடம்" என்றாள். என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து அவர்கள் மேலேயே வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பஞ்சு ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் ஜின்னிங் பேக்டரிக்குப் போய்வருகிறவர். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும், "நாளைக்கு பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எங்கே போனால் என்ன என்றுதான் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் அப்போதுதான் மனை மனையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார், மலையாளத்துப் பக்கத்துக்காரர். என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் கன்னத்தைத் தொட்டார், தெரிகிறது என்றேன். ஊசி முனையால் தொட்டார்.

"சுருக்குன்னு குத்துதுங்க!"

"குத்தணும். பெருநோயா இருந்தா இந்த எடத்துல உனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கு எல்லாம் அதிகமாவே தெரியுது. இது அது இல்லே."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அழுததில் முகம் இன்னும் சிவந்தது. டாக்டரம்மா அதைக் காட்டித்தான் எனக்கு விளக்கினார். முகத்துத் தோலுக்கு அடியில் நூல் மாதிரி ரத்தக்குழாய்கள் இருக்கின்றனவாம். சூடு பட்டாலும் அழுதாலும் கோபப்பட்டாலும் எல்லோருக்கும் அவை விரியும், பிறகு சுருங்கிக்கொள்ளும். என் முகத்தில் விரிந்தவை சீக்கிரம் சுருங்குவதில்லை. விரிந்து விரிந்து அப்படியே நின்றுபோகின்றன. இதற்கு ரொசேசியா என்று பெயர் என்றார். ஒட்டாது, பரவாது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அடியோடு போகவும் போகாது. அடக்கி வைக்கலாம்.

"உங்க அப்பா வழியில யாருக்காவது மூக்கும் கன்னமும் சிவந்து இருக்குமா? இது சில குடும்பத்துல வழிவழியா வரும்."

எனக்குச் சுருக்கென்று பட்டது. அய்யனுக்குக் கொஞ்சம் உண்டு. பெரியப்பாவுக்கு நிறைய உண்டு. அவர் மூக்கு எப்போதும் சிவந்து தடித்திருக்கும். பெரியப்பா திருட்டுத்தனமாகக் கள்ளுக் குடிக்கிறார் என்று பெரியம்மா பல வருஷமாகச் சந்தேகப்பட்டு, பொழுது சாய்ந்தால் அவர் வாயை முகர்ந்து பார்ப்பது வழக்கம். அந்த மனுஷன் கள்ளைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த மூக்குக்குப் பிறந்தவள்தான் என் தம்பி பக்கத்தில் நின்ற மகள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகை நின்றுவிட்டது.

டாக்டரம்மா புளிப்பாக ஒரு சொட்டு மருந்து கொடுத்து, வயிற்றுக்கு என்றார். அதனால் எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை. பூசிக்கொள்ளக் கொடுத்த இளஞ்சிவப்புத் தண்ணி மருந்து எரிச்சலை ஆற்றியது. ஆனால் எனக்கு உபயோகப்பட்டது அவர் கடைசியில் சொன்ன பேச்சு. மஞ்சள், எலுமிச்சை, தேய்ப்பு எல்லாவற்றையும் நிறுத்து. பச்சைத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடு. முகம் எரிகிற அன்றைக்கெல்லாம் என்ன சாப்பிட்டாய், எங்கே நின்றாய் என்று யோசித்துப் பார். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொன்று எதிரி. உன் எதிரி எது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எதிரியைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கண்டுபிடித்தேன். மிளகாய் எனக்கு அவ்வளவாகச் செய்யவில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற காபி செய்தது. சுடச்சுடக் கொள்ளு ரசம் செய்தது. அடுப்புக்கு நேராகக் குனிவது, உச்சி வெயில், ஆடிக் காற்று, வெந்நீர்க் குளியல் எல்லாம் செய்தன. காபியை ஆற வைத்துக் குடித்தேன். அடுப்புக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து சமைத்தேன். பழைய சோறும் மோரும் எனக்குத் தேவாமிர்தமாக ஆயின. எங்கள் வீட்டுக்காரர் கோயமுத்தூரிலிருந்து ஒரு கறுப்புக் குடை வாங்கிவந்தார். மழைக்கே கோணிச்சாக்கைப் போர்த்திக்கொள்கிற ஊரில், வெயிலுக்குக் குடை பிடித்த முதல் பொம்பளை நான். "தொரைசானி போறா பாரு" என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று நிழலில் நடந்தேன்.

இவற்றையெல்லாம் அடக்கியும் முகம் அடிக்கடி எரிந்தது. ஏன் என்று பிடிபடவே இல்லை. ஒருநாள் நிழலில் சும்மா உட்கார்ந்து, அந்தக் குங்குமத்தை உதிர்த்த கையை நினைத்துக்கொண்டிருந்தேன். கன்னம் பற்றிக்கொண்டது. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சூடு பெரியம்மா. அவளை நினைத்துக் கொதித்தால் என் முகம்தான் சிவக்கிறது. என் முகம் சிவந்தால் அவள் சொன்னது சரியென்று ஆகிறது. நான் கோபப்படப் படப் பெரியம்மாதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அதற்காகக் கோபத்தை விட்டுவிட முடியுமா? முடியவில்லை. விடவும் நான் விரும்பவில்லை. காபி மாதிரி அதையும் ஆற வைக்கப் பழகினேன். அவள் நினைவு வந்தால் மூச்சை மெல்ல விட்டு, வாசலில் இருக்கிற எருமையைப் பார்ப்பேன். எருமை என்ன செய்கிறதோ அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். நினைப்பு போகாது, சூடு போய்விடும். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள், "ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சொல்லுவாங்க. கேக்கறதா இருந்தா அந்தம்மாகிட்ட இப்பவே போய்க் கேட்டுப்போடு" என்றார்.

"பழங்கஞ்சிதானுங்களே எனக்கு ஒடம்புக்கு ஆகுது" என்றேன். அவர் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஒரு வருஷத்துக்குள் முகம் தெளிந்தது. உற்றுப் பார்த்தால் மூக்கோரத்தில் நூல் நூலாகச் சிவப்பு தெரியும், அவ்வளவுதான். கிணற்றடியில் குடங்கள் திரும்பிவந்தன. மாமியார் என் வட்டிலை மற்ற வட்டில்களோடு கவிழ்த்தார். பெரியம்மா மட்டும், "அது பவுடருங்க. டவுனுல விக்குது" என்று சொல்லிவந்தாள்.

அய்யனைப் பார்க்கப் போனபோது ஒருநாள் பெரியப்பா தனியாக இருந்தார். அவர் மூக்குக்கும் என் கன்னத்துக்கும் ஒரே வியாதிதான், கள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். "உன்ற பெரியம்மா இருவது வருசமா என்ற வாயை மோந்து பாக்கறா அம்மிணி" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவர் ஆறாமல் இருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் பெரியம்மா மகனுக்குக் காரமடைப் பக்கம் பெண் பார்த்து, வைகாசியில் கல்யாணம் வைத்தார்கள். அவனுக்குக் கூடப்பிறந்தவள், எனக்குத் தங்கை முறையான அந்த மகள் ஒருத்திதான். அவள் மாசியில் தாய்வீட்டுக்கு வந்தபோது நான் அவளைக் கோயிலில் பார்த்தேன். கன்னத்தில் கையை வைத்து வைத்து எடுத்தாள். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பங்குனியில் பொரி வந்துவிட்டது. மஞ்சள் பூசினார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் என் ஊரில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நோம்பி சாட்டுகிற சமயத்தில் பெரியம்மா தானே என் வீட்டுக்கு வந்தாள். கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாளும் என் வாசல் மிதிக்காதவள், மத்தியான வெயிலில் நடந்து வந்தாள். உட்காரச் சொன்னேன். காபி வைத்துக் கொடுத்தேன்.

"ஊரு சனம் என்னவோ பேசுது கண்ணு" என்று ஆரம்பித்தாள். "அவளும் பூவோடு எடுக்கட்டும், ஆத்தா தெளிய வெச்சாத்தான் சீருக்கு நிக்கோணுங்கறாங்க. அன்னைக்கு நான் உனக்குச் சொன்னதையே இன்னைக்கு எனக்குச் சொல்றாங்க. நீ எப்படித் தெளிஞ்ச? என்ன மருந்து? எனக்கு மட்டும் சொல்லிப்போடு."

என் கன்னம் சூடாவது தெரிந்தது. வாசலில் எருமை வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"சொல்றேனுங்க பெரீம்மா. மருந்து, பத்தியம் எல்லாம் சொல்றேன். கல்யாணத்துக்குள்ள அவளுக்குப் பாதி அடங்கீரும். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு செய்யோணும். அன்னைக்குக் கோயல் வாசல்ல, ஆத்தா என்னை ஏத்துக்கலைன்னு சொன்னீங்களே, அதே வாசல்ல சனம் கூடி நிக்கறப்ப, நாஞ் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. என்னைச் சீருக்கு நிக்க உடாதது தப்புன்னு சொல்லுங்க. அடுத்த நிமிசம் நான் உங்க மக பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன்."

"ஆத்தா வாக்கைத் தப்புன்னு சொல்லச் சொல்றயா?"

"ஆத்தா ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க."

பெரியம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, வாய் மட்டும் கோணியிருந்தது.

"ஒண்ணு மட்டும் சும்மாவே சொல்றேனுங்க" என்றேன். "நீங்க எதுஞ் செய்யாட்டியும் போச்சாது, அவளை நெருப்புகிட்டப் போக உடாதீங்க. பூவோடு எடுத்தா மொகம் கெட்டுப்போகும். எனக்குக் கெட்டுது."

அவள் எழுந்துகொண்டாள். காபியைத் தொடவில்லை. நான் பொய் சொல்கிறேன், தன் மகள் முகம் தெளியக்கூடாது என்றுதான் பூவோடு வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருப்பாள். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அல்லது நான் சொன்னது நிஜம் என்று தெரிந்தும், சனத்துக்கு முன்னால் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லையோ என்னவோ. எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நோம்பியன்று பெரியம்மா மகள் பூவோடு எடுத்தாள். நான் குடையை விரித்துக்கொண்டு அரசமரத்தடியில் நின்று பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அவள் முகம் என் முகமாக ஆனது. அந்த வீக்கம், அந்தச் சிவப்பு, நெற்றிக்குத் தாவுகிற பொரி எல்லாம் அப்படியே. எனக்குப் பாவமாக இருந்ததா என்று என் மருமகள்கள் கேட்பார்கள். இல்லை. அக்கட்டாலயே நில்லுங்கக்கா என்று சொன்ன வாய்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "ஆத்தா ஏத்துக்கலையாட்ட இருக்குது" என்றாள். பெரியம்மா யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளே பெரியப்பா வெற்றிலைத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "என்ற பையன் சீருக்கு நீ நிக்கோணும் அம்மிணி. உன்ற பெரியம்மா பேச்ச நான் கேக்கல. இது என்ற பேச்சு" என்றார். அவர் மூக்கு செக்கச்செவேல் என்றிருந்தது. நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் ஆறின காபி குடித்தேன். முகத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுத்தேன். பவுடர் தொடவில்லை. அரக்குச் சேலை உடுத்தி, குடை பிடித்துப் பந்தல் வரைக்கும் நடந்தேன். சீருக்கு நிற்கிறவளை மாப்பிள்ளையின் அம்மா சந்தனம், குங்குமம் வைத்துத்தான் அழைத்துப்போக வேண்டும். அது எங்கள் வீட்டு முறை. பெரியம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். பந்தல் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அவள் கண் என் உள்ளங்கையைத் தேடியது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மொகத்துக்கு வெச்சு உடுங்க பெரீம்மா" என்றேன்.

அவள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். சந்தனத்தை என் கன்னத்தில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"இந்தக் கன்னத்துக்குங்க?"

அதற்கும் வைத்தாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான் அவசரப்படவில்லை. கன்னத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுத்து, அவள் விரல் எடுக்கிற வரைக்கும் அசையாமல் நின்றேன். பவுடர் எதுவும் அவள் விரலில் ஒட்டவில்லை என்று அவளும் பார்த்தாள், பந்தலும் பார்த்தது. பிறகு போய்க் கூறைச்சேலையின் முனையைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றேன். என் தம்பி எதிரில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அவன் தலையைக் குனியவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அய்யன் வீட்டில் இருந்தேன். எதிர்வாசலிலிருந்து அந்தத் தங்கை முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணத்தில் ஒரு மூலையிலும் அவளைக் காணவில்லை. உட்கார்ந்ததும் அழுதாள்.

"அழுகாத. அழுதா எரிச்சல் எச்சாகும்" என்றேன். அதுதான் நான் அவளுக்குச் சொன்ன முதல் பத்தியம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைத் தண்ணீர், ஆறின காபி, அடுப்புக்குப் பக்கவாட்டில் உட்காருவது, ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா வீடு, எரிகிற அன்றைக்கெல்லாம் எது எதிரி என்று பார்த்துக்கொள்வது. இது பெருநோய் இல்லை, உன் மகனைத் தூக்கிக் கொஞ்சு என்றும் சொன்னேன். கடைசியில் என் குடையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் குடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இதையெல்லாம் நோம்பிக்கு முன்னாலயே எனக்குச் சொல்லியிருக்கலாமுல்லங்கக்கா?"

"உங்கம்மாகிட்டச் சொன்னேனே. ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லீட்டா வந்து வைத்தியம் பாக்கறேன்னு சொன்னேன். சொல்லாட்டியும் பரவால்ல, உன்னை நெருப்புகிட்ட மட்டும் உடாதீங்கன்னுஞ் சொன்னேன்."

"அம்மாகிட்டயா?"

"போய்க் கேளு."

அவள் போனாள். எதிர்வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது இடுப்பில் பையன் இருந்தான். ஊர்க்கோடியில் அவள் வீட்டுக்காரர் வண்டி பூட்டிக்கொண்டிருந்தார். வேலிகளுக்கு நடுவில் போகிற இட்டேரியில் இறங்கும்போது அவள் என் குடையை விரித்தாள். பெரியம்மா வாசலில் வந்து நின்று, கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டாள். குடை நிற்கவில்லை.